பூட்டிய கதவும் பூட்டாத துப்பாக்கியும்

(டாலஸ் நகரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய அரங்கில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'அமெரிக்க வாழ்வில் துப்பாக்கி தருவது பாதுகாப்பா, பயமா?' 'பயமே' அணியில் பேசிய சமூகவியல் பேராசிரியை ஆற்றிய உரை.)



நடுவர் அவர்களே, நான் இந்த டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். சமூகவியல்னா என்னன்னு எங்க அம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. யாராவது கேட்டா, "என் பொண்ணு அமெரிக்காவுல ஊர் வம்பு பேசுறா, அதுக்குச் சம்பளமும் குடுக்கறாங்க"ன்னு சொல்லிடுவாங்க. (சிரிப்பு) அது ஒரு வகையில் சரிதான். ஊரே ஒரு பொருளை வாங்குதுன்னா, அந்தப் பொருள் என்ன விலைன்னு பாக்கிறது வியாபாரியின் வேலை. ஏன் வாங்குறாங்க, வாங்கின பிறகு அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவுல என்ன ஆச்சுன்னு பாக்கிறது எங்க வேலை.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் மார்தட்டிச் சொன்னார். "என் படுக்கை பக்கத்தில் துப்பாக்கி இருக்கிறது, அதனால் நிம்மதியாகத் தூங்குகிறேன்" என்றார். ஐயா, உங்களை ஒன்று கேட்கிறேன். துப்பாக்கி இருந்தாத்தான் தூக்கம் வரும்னா, அதுக்குப் பேரு நிம்மதியா? நிம்மதியா இருக்கிறவன் தலைமாட்டில் தண்ணிச் சொம்பு இருக்கும். பயந்தவன் தலைமாட்டில்தான் துப்பாக்கி இருக்கும்! (பலத்த கைதட்டல்)

அவர்கள் அணி மூன்று வாதங்களை வைத்தது. ஒன்று, இது அமெரிக்கப் பாரம்பரியம். இரண்டு, இது குடும்பத்துக்குப் பாதுகாப்பு. மூன்று, கெட்டவன் கையில் துப்பாக்கி இருந்தால் நல்லவன் கையிலும் இருக்க வேண்டும். மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பாரம்பரியம். இந்த நாட்டு மக்களைக் கேலி பேச நான் வரவில்லை. கிராமத்துப் பக்கம் போய்ப் பாருங்க. மான் வேட்டைப் பருவம் வந்தா, தாத்தா வச்சிருந்த துப்பாக்கியை அப்பா எடுத்து மகன் கையில் குடுத்து, "எப்பவும் இதுல தோட்டா இருக்குன்னு நினைச்சே தொடணும்"னு சொல்லிக்குடுப்பார். அங்க அது ஒரு பொறுப்பைக் கைமாத்துற சடங்கு. போலீஸ் வண்டி வந்து சேர அரைமணி நேரம் ஆகுற பண்ணை வீட்டுக்காரர் ஒரு துப்பாக்கி வச்சிருந்தா அதையும் என்னால் புரிஞ்சுக்க முடியும். 1791-ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தம் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பேசுகிறது. ஒத்துக்கிறேன்.

ஆனால் அந்தத் திருத்தம் ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் ஆரம்பிக்கிறதே முறையான குடிப்படை வேணும்னுதான். 'தனி மனிதர் தன் வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்வது அரசியல் சட்ட உரிமை' என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புச் சொன்னது எப்போது தெரியுமா? 2008-ல். அதுவும் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். 217 வருஷம் கழிச்சு, ஒரு ஓட்டு வித்தியாசத்துல! இதைத்தான் எதிரணி 'காலங்காலமாக' என்கிறது. (சிரிப்பு)

"கௌபாய் காலத்துலேருந்து இடுப்புல துப்பாக்கி" என்றார் இன்னொரு நண்பர். அவர் பார்த்தது சினிமா. நிஜ கௌபாய் ஊரைச் சொல்கிறேன். அரிசோனாவில் டூம்ப்ஸ்டோன் என்று ஒரு ஊர். 1881-லேயே அங்கே ஊர்ச் சட்டம் இருந்தது. வெளியூர்க்காரன் உள்ளே நுழைஞ்சா, துப்பாக்கியைக் குதிரை லாயத்திலோ சாராயக் கடையிலோ ஒப்படைச்சிடணும். திரும்பிப் போகும்போது வாங்கிக்கலாம். நம்ம கோயில் வாசல்ல செருப்பு விடுற மாதிரி! (சிரிப்பு) அந்தச் சட்டத்தை மீறினவங்களிடம் ஆயுதத்தைப் பறிக்கப் போனதுலதான், எத்தனையோ படமா வந்த அந்த ஓ.கே. கொரால் சண்டையே வந்தது. ஆக, 1881-ல் டூம்ப்ஸ்டோன் ஊருக்குள் துப்பாக்கி எடுத்துவர முடியாது. 2021 செப்டம்பரிலிருந்து நம்ம டெக்சாஸில் 21 வயசு ஆன, சட்டத் தடை இல்லாத எவரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். எதுங்க பாரம்பரியம்?

துப்பாக்கிக்காரர்களின் தேசியச் சங்கம், என்.ஆர்.ஏ. என்கிறோமே, அது 1871-ல் ஆரம்பித்தது எதற்கு? உள்நாட்டுப் போரில் வடக்குப் பக்கம் சண்டை போட்ட அதிகாரிகள், நம்ம ஆளுங்களுக்குக் குறி பாத்துச் சுடவே வரலையேன்னு வருத்தப்பட்டுத் தொடங்கின சங்கம் அது. இதே டாலஸ் நகரத்தில் 1963-ல் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டாரே, அந்தத் துப்பாக்கி எப்படி வந்தது? பத்திரிகை விளம்பரத்தைப் பாத்து, தபால்ல பணம் அனுப்பி வாங்கினது. விலை 20 டாலருக்கும் கீழே. 1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்ட பிறகு, அந்தத் தபால் விற்பனையைத் தடுத்துச் சட்டம் வந்தது. அதன்பின் 1977-ல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், ஒரே ராத்திரியில் சங்கத்தின் பழைய தலைமையைக் கவிழ்த்துவிட்டு, 'எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம்' என்ற அணி மேலே வந்தது. வேட்டைச் சங்கம் அரசியல் சங்கமாக மாறியது அந்த ராத்திரிதான். நடுவர் அவர்களே, இவர்கள் பாரம்பரியம் என்று சொல்வதில் பாதிக்கு என் வயசுகூட ஆகல. என் வயசை மட்டும் கேட்காதீங்க. (சிரிப்பு, கைதட்டல்)

இரண்டாவது, பாதுகாப்பு. இங்கேதான் என் பாடம் ஆரம்பமாகிறது.

1999-ல் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம், "முக்கியமாக எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். நூற்றுக்கு 49 பேர் வேட்டைக்கு என்றார்கள். பாதுகாப்புக்கு என்றவர்கள் 26 பேர். 2013-ல் அதே கேள்வி. வேட்டை 32, பாதுகாப்பு 48. தலைகீழ்! சரி, இந்த இடைப்பட்ட காலத்தில் கொலையும் கொள்ளையும் பெருகிப்போச்சான்னு பாத்தா, இல்லை. 1993-க்கும் 2010-க்கும் நடுவே, துப்பாக்கியால் நடக்கும் கொலை விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. அது மக்களுக்குத் தெரியுமா என்று 2013-ல் கேட்டார்கள். நூற்றுக்கு 56 பேர், "20 வருஷத்துக்கு முன்னால இருந்ததைவிட இப்போ துப்பாக்கிக் குற்றம் அதிகம்" என்றார்கள். குறைந்திருக்கிறது என்று சரியாகச் சொன்னவர்கள் வெறும் 12 பேர்.

காய்ச்சல் குறைஞ்சிருக்கு, மாத்திரை விற்பனை ஏறுது. அப்போ மாத்திரை எதுக்கு விக்குது? காய்ச்சலுக்கு இல்லைங்க, காய்ச்சல் வந்துடுமோங்கிற பயத்துக்கு! (கைதட்டல்) ராத்திரி பத்து மணிச் செய்தியில் ஊரில் எங்கேயோ நடந்த ஒரு கொலை நம்ம கூடத்துக்குள்ள வந்து உக்காருது. நடக்காத ஆயிரம் கொலையை எந்தச் செய்தியிலயும் காட்ட மாட்டாங்க.

அந்தப் பயத்தின் கணக்கைப் பாருங்கள். 2017 நிலவரப்படி அமெரிக்க மக்கள் கையில் இருந்த துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல். நூறு பேருக்கு 120 துப்பாக்கி. நேத்துப் பொறந்த குழந்தைக்கும் ஒண்ணு குடுத்தாலும் மிச்சம் இருக்கும். ஆனால் 2023-ல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருப்பதாகச் சொன்ன பெரியவர்கள் நூற்றுக்கு 32 பேர்தான். அப்போ மீதி? 2015-ல் எடுத்த ஒரு கணக்குப்படி, நாட்டில் உள்ள துப்பாக்கிகளில் பாதி, நூற்றுக்கு மூன்று பேரிடம் இருந்தது. ஒரு துப்பாக்கி பயத்தைப் போக்கும்னா, ஒண்ணு வாங்கினதோட நிறுத்தியிருக்கணுமே? (சிரிப்பு) கைத்துப்பாக்கி வாங்கினவருக்கு அடுத்த வருஷம் அது போதலைன்னு தோணுது. பயம் உப்புத் தண்ணி மாதிரிங்க. குடிக்கக் குடிக்கத் தாகம்.

சரி, வாங்கிய துப்பாக்கி யாரைச் சுட்டது? 2021-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். ஒரு நாளைக்கு 130-க்கும் மேல். இதில் கொலையானவர்கள் 20,958 பேர். தன்னைத் தானே சுட்டுக்கொண்டவர்கள் 26,328 பேர். நடுவர் அவர்களே, பாதிக்கு மேல்! திருடனுக்காக வாங்கி வைத்த துப்பாக்கி, அதிகமாகப் பறித்தது வீட்டுக்காரர்களின் உயிரைத்தான்.

இதை நான் மெதுவாகச் சொல்ல விரும்புகிறேன். மனசு உடைஞ்சு போற நேரம் எல்லார் வாழ்க்கையிலும் வரும். வேலை போன ராத்திரி, பரீட்சையில் தோத்த ராத்திரி, உறவு முறிஞ்ச ராத்திரி. அந்த ராத்திரியைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். உயிரை விட முயன்று காப்பாற்றப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிற்பாடு அந்த வழியில் சாவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் துப்பாக்கி பக்கத்தில் இருந்தால் அந்த இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களோ, இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களோ அப்படி ஒரு ராத்திரியில் இருந்தால், தயவுசெய்து யாரிடமாவது பேசுங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

1993-ல் ஒரு மருத்துவ ஆய்வு வந்தது. துப்பாக்கி இருக்கிற வீட்டில் கொலை நடக்கும் அபாயம், இல்லாத வீட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. கொன்றவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்கள், அல்லது தெரிந்தவர்கள். சரி, இதைக் கேட்டு நாடு என்ன செய்தது? 1996-ல் நாடாளுமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. அதன்பிறகு அரசுப் பணத்தில் இந்த ஆராய்ச்சி செய்வது இருபது வருஷத்துக்கு மேல் ஏறக்குறைய நின்றே போனது. 2019 கடைசியில்தான் மறுபடி பணம் ஒதுக்கினார்கள். துப்பாக்கியைப் பார்த்துத் திருடன் பயந்தானோ இல்லையோ, கணக்கு எடுக்கிறவன் பயந்துட்டான்! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, ஒரு சம்பவம் சொல்கிறேன். 1992 அக்டோபர். பக்கத்து மாநிலம் லூசியானாவில் பேட்டன் ரூஜ் என்ற ஊர். ஜப்பானிலிருந்து படிக்க வந்திருந்த 16 வயதுப் பையன். ஹாலோவீன் விருந்துக்கு வேஷம் போட்டுக்கொண்டு, தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோடு புறப்பட்டான். வீடு மாறிப்போச்சு. தப்பான வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாங்க. கதவைத் திறந்த அம்மா பயந்து உள்ளே ஓடி, கணவரிடம் துப்பாக்கியை எடுங்கன்னாங்க. அவர் எடுத்து வந்து, அசையாம நில்லுன்னு இங்கிலீஷ்ல கத்தினார். பையன் சிரிச்சுக்கிட்டே முன்னால வந்தான். தான் விருந்துக்கு வந்திருக்கேன்னு சொல்லத்தான் வந்தான். ஒரே குண்டு.

சுட்டவர் கெட்டவர் இல்லை. முன்பகை இல்லை. அந்தக் குற்ற வழக்கில் அவரை விடுதலை செய்தார்கள், பின்னால் சிவில் வழக்கில்தான் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். அந்தப் பையனைப் பெற்றவர்கள் பழி வாங்கக் கிளம்பவில்லை. அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி வேண்டாம் என்று ஜப்பானில் 17 லட்சம் பேரிடம் கையெழுத்து வாங்கி, 1993-ல் ஜனாதிபதி கிளின்டனைச் சந்தித்தார்கள்.

முப்பது வருஷம் போச்சு, மாறிச்சான்னு கேளுங்க. 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் வேறு வீட்டு மணியை அழுத்திவிட்டான். 84 வயதுப் பெரியவர் கதவு வழியாகவே சுட்டார். அந்தப் பையன் கடவுள் புண்ணியத்தில் பிழைத்தான்.

நாமெல்லாம் வாசலுக்கு வந்தவனை "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க"ன்னு சொல்லி வளர்ந்தவங்க. வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரமே வைத்தார். நான் சொல்வது இதுதான்: துப்பாக்கி திருடனைத் தடுக்கிறதோ இல்லையோ, விருந்தாளியைத் தடுக்கிறது. மணி அடித்தவன் யார் என்று பார்ப்பதற்கு முன்னாலேயே, அவன் எதிரி என்று முடிவு செய்யவைக்கிறது. (கைதட்டல்)

மூன்றாவது வாதம். நல்லவன் கையில் துப்பாக்கி.

2022 மே மாதம், நம்ம மாநிலத்தில் யுவால்டி ஊரின் ஆரம்பப் பள்ளி. 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் இறந்தார்கள். அன்று அங்கே வந்து சேர்ந்த காவலர்கள் 376 பேர். எல்லார் கையிலும் துப்பாக்கி, எல்லாரும் பயிற்சி பெற்றவர்கள். வகுப்பறைக்குள் நுழைந்து அந்த ஒருவனை வீழ்த்த ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஏன்? அவன் கையில் இருந்த துப்பாக்கியின் பயம்.

எதிரணி உடனே ஆலனைச் சொல்வார்கள். சொல்லட்டும், நானே சொல்கிறேன். 2023 மே மாதம், இங்கேயிருந்து கார் எடுத்தால் போய்விடுகிற தூரத்தில் இருக்கும் ஆலன் வணிக வளாகம். தீபாவளிக்குச் சட்டை எடுக்கப் போகாத குடும்பம் இந்த அரங்கத்தில் இருக்கிறதா? அன்று ஒரு காவலர் தற்செயலாக அங்கேயே இருந்தார். சத்தம் கேட்ட திசையில் ஓடினார். சில நிமிஷத்தில் அந்தக் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்தினார். அவரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நல்லவர் இருந்தார், துப்பாக்கி இருந்தது, பயிற்சியும் தைரியமும் இருந்தது. அப்படியும் 8 உயிர் போனது. இதைவிட நல்ல நல்லவனை எங்கே போய்த் தேடுவது? (அரங்கில் அமைதி)

இன்னொன்று. நல்லவன் யார் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? 2016-ல் மினசோட்டாவில் ஒரு கறுப்பின இளைஞர் ஓட்டிவந்த காரைக் காவலர் நிறுத்தினார். அவரிடம் துப்பாக்கி உரிமம் இருந்தது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று மரியாதையாக, முன்கூட்டியே சொன்னார். அடுத்த சில நொடியில் அந்தக் காவலர் சுட்டுவிட்டார். வழக்கில் காவலர் விடுதலை ஆனார். சட்டப்படி நடந்த நல்லவர் செத்துப்போனார். இது அந்த ஒரு காவலரின் பயம் மட்டுமில்லை. ஊர் முழுக்கத் துப்பாக்கி இருந்தால், காவலர் ஒவ்வொரு காரையும் பயந்துதான் நெருங்குவார். நம்ம பழுப்பு நிறத்துக்கும் இதில் என்ன உத்தரவாதம்? உன் பயத்துக்கு நீ வாங்குகிறாய், உன் துப்பாக்கியைப் பார்த்து நான் வாங்குகிறேன், என்னைப் பார்த்து மூன்றாமவர் வாங்குகிறார். தெருவே காவல் காக்குது, தெருவே பயந்து கிடக்குது.

நடுவர் அவர்கள் மணியைத் தொட்டுவிட்டார். துப்பாக்கியைத் தொடாமல் மணியைத் தொட்டதற்கு நன்றி. (சிரிப்பு) முடித்துவிடுகிறேன்.

அரங்கத்தில் உள்ள தாய்மார்களே, உங்கள் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "இன்னிக்கு விளக்கை அணைச்சிட்டு மூலையில சத்தம் போடாம உக்காந்திருந்தோம்மா"ன்னு சொல்லியிருக்கும். ஒண்ணாங்கிளாஸ் குழந்தைக்கு எழுத்தோட சேத்து ஒளியறதையும் சொல்லித்தர வேண்டியிருக்கு. 2020-லிருந்து இந்த நாட்டில் ஒரு வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் கார் விபத்து இல்லை, துப்பாக்கி. பள்ளியில் சுட்ட பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் துப்பாக்கி கிடைத்தது பெற்றவர் அல்லது நெருங்கிய சொந்தக்காரர் வீட்டிலிருந்துதான் என்று அரசின் ரகசியக் காவல் துறையே 2019-ல் ஆய்ந்து சொன்னது. மிச்சிகனில் 2021-ல் மகன் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்த வழக்கில், 2024-ல் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சிறைத் தண்டனை கிடைத்தது. 2015 கணக்குப்படி 46 லட்சம் பிள்ளைகள், தோட்டா போட்டுப் பூட்டாமல் வைத்த துப்பாக்கி இருக்கும் வீடுகளில் வாழ்ந்தார்கள். வாசல் கதவுக்கு மூன்று பூட்டு, துப்பாக்கிக்கு ஒரு பூட்டும் இல்லை!

நாடாளுமன்றச் சட்டத்தை நாளைக்கே மாற்ற நம்மால் முடியாது. ஆனால் இரண்டு காரியம் முடியும். எதிரணி நண்பரே, தூக்கி எறியச் சொல்லவில்லை. இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் தோட்டாவை வெளியே எடுங்கள். துப்பாக்கியை ஒரு பெட்டியில், தோட்டாவை வேறு பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். மற்றவர்களே, உங்கள் பிள்ளை நண்பன் வீட்டுக்கு விளையாடப் போகும்போது, "நாய் கடிக்குமா? நீச்சல் குளம் மூடியிருக்கா?"ன்னு கூச்சப்படாம கேக்குறீங்க இல்லையா? அதோடு, "உங்க வீட்டுல துப்பாக்கி இருக்கா? பூட்டி வச்சிருக்கீங்களா?"ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்க. நல்ல துப்பாக்கிக்காரர் கோபப்பட மாட்டார். "பூட்டித்தாங்க வச்சிருக்கேன்"னு பெருமையாச் சொல்வார்.

அப்படி ஒரு கேள்வியைக் கேட்காமல் பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுக்கு அனுப்ப முடியாத நிலை வந்துவிட்ட பிறகு, துப்பாக்கி தந்தது பாதுகாப்பு என்று எந்தத் தாயும் ஒப்புக்கொள்ள மாட்டாள். அது தந்தது பயமே, பயமே என்று தீர்ப்பு வழங்கும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)